கறுப்புக் குடைச் சங்கமும் மொட்டைத் தலை விசாரணையும்

"அண்ணா, ஆளப் புடிச்சிட்டோம்!"

கௌதமன் வாயில் பிரஷ்ஷோடு திரும்பிப் பார்த்தான். பின்வாசலில் கனிமொழி நின்றிருந்தாள். நான்காம் வகுப்பு. வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் கிடையாது. ஆனாலும் கையில் அவளைவிடச் சற்றே சிறிய ஒரு கறுப்புக் குடை. அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று குடைகள்.

"யார?"

"மொட்டைய!"

கௌதமன் நுரையைத் துப்பினான். "எந்த மொட்டைய?"

நியாயமான கேள்விதான். நேற்று ஆடிக் கிருத்திகை. இன்றைக்குத் திருத்தணியில் பஸ் ஸ்டாண்டு முதல் மலையடிவாரம் வரை முடியுள்ள தலையைக் கண்டுபிடித்தால்தான் அதற்குத் துப்பறிதல் என்று பெயர்.

தப்பு கௌதமனுடையது. பகலில் அவன் லுங்கிக் கடையில் துணி விரித்துப் போடுகிறவன். மற்ற நேரத்தில், சிறுவர் மாத இதழ் ஒன்றில் 'கறுப்புக் குடைச் சங்கம்' என்று துப்பறியும் தொடர் எழுதுகிறவன். மூடிய குடையை அடையாளமாக வைத்துக்கொண்ட நான்கு பிள்ளைகள் ரகசியமாகச் சங்கம் நடத்தித் திருடர்களைப் பிடிக்கும் கதை. அது புத்தகங்களாகவும் வந்து நன்றாகவே போகிறது. இந்த மாத அத்தியாயத்தை, 'கோயில் மணியைத் திருடியவன் மொட்டைத் தலையில் சந்தனம் பூசியவன்!' என்று முடித்திருந்தான். பிறந்ததிலிருந்து இதே ஊரில் இருப்பவனுக்கு, வெளியூர் ஆள் என்று நினைத்தாலே மொட்டையாகத்தான் மனதில் வருவான். "பிரமாதமான தடயம் சார்!" என்று ஆசிரியர் சென்னையிலிருந்து போனில் மெச்சினார். சென்னையில் அது தடயம். திருத்தணியில் அது மக்கள்தொகை.

கௌதமனின் தங்கை மோகனப்ரியாவிடம் டியூஷன் படிக்கும் தெருப் பிள்ளைகள், தொடரைப் படித்துவிட்டுத் தாங்களும் ஒரு சங்கம் தொடங்கிவிட்டார்கள். இன்று காலையிலிருந்து மலைக்குப் போகிற வருகிற மொட்டைகளையெல்லாம் மடக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பஞ்சாமிர்தம் கொடுத்துத் தப்பித்தார். இன்னொருவர் பயந்துபோய் ஆதார் கார்டையே காட்டினார்.

"இவரு மத்த மொட்ட மாதிரி இல்லண்ணா," என்றாள் கனிமொழி. "டீக்கடைல ஒக்காந்துகினு உங்க வூட்டப் பத்தி விசாரிச்சாரு."

"எங்க வூட்டப் பத்தியா? இப்ப எங்க அவரு?"

"காலி தறிக் கொட்டாயில. வெளியத் தாப்பா போட்டுட்டோம்."

"அடிப்பாவி! பெரிய மனுசன எப்படிடி உள்ள தள்ளினீங்க?"

"தள்ளல. 'அந்த வூட்டப் பத்தி எல்லாம் தெரிஞ்சவங்க உள்ள கீறாங்க'ன்னு சொன்னோம். அவரே நடந்து போனாரு."

வெள்ளிக்கிழமை மோகனப்ரியாவைப் பெண் பார்க்கப் பொதட்டூர்பேட்டையிலிருந்து வருகிறார்கள். இதற்கு முன் வந்த இரண்டு இடமும் தெருவில் விசாரித்த கையோடு தட்டிப்போயின. பெண்ணைப் பற்றி ஒரு குறையும் இல்லை. "அண்ணங்காரன் ஏதோ கதை எழுதுறானாமே, குடும்பத்துக்கு ஆவுமா?" என்று போய்விட்டார்கள். தங்கை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவனைக் குடைந்தது. அவள் திட்டியிருந்தாலாவது அன்றைக்குச் சாப்பாடு இறங்கியிருக்கும்.

இந்தத் தடவை தரகரே விசாரித்து முடித்துவிட்டார் என்றாள் அம்மா ஜெயம்மாள். வெள்ளிக்கிழமை முடியும்வரை கதை என்ற வார்த்தையே தெருவில் கேட்கக் கூடாது என்றும் உத்தரவு போட்டிருந்தாள். இந்த நேரத்தில் யாரோ ஒரு பக்தரைப் பிள்ளைகள் அடைத்துவைத்தது வெளியே தெரிந்தால், தரகர் காதுக்குப் போக எவ்வளவு நேரமாகும்? தங்குவதற்கு அறை தேடி வந்தவராக இருப்பார், கையைக் காலைப் பிடித்து அனுப்பிவிடலாம் என்று கௌதமன் ஓடினான்.

தறிக் கொட்டாயில் ஒரு பலகையின் மேல் அவர் உட்கார்ந்திருந்தார். மஞ்சள் வேட்டி. மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. கையில் தண்ணீர்ச் சொம்பு. சந்தேக நபருக்கு முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்பது கௌதமன் எழுதிய விதி.

"மன்னிச்சிக்குங்க ஐயா. பசங்க வெளையாட்டு."

"வெளையாட்டா? போலீஸ்காரன் கெட்டான்! அப்படி நோண்டி நோண்டிக் கேக்குதுங்க. யாரு நைனா இதுங்களுக்கு இதெல்லாம் கத்துக் குடுத்தது?"

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். கௌதமனுக்கு அம்மாவின் உத்தரவு ஞாபகம் வந்தது.

"அது வந்துங்க... இந்தத் தெருவுல கதை எழுதறவன் ஒருத்தன் கீறான். அவன் எழுதறதப் படிச்சிட்டுத்தான் இப்படி."

"எந்த வூடு? அந்தப் பச்ச கேட்டு வூடா?"

அது அவன் வீடேதான். கௌதமன் வாயைத் திறப்பதற்குள் நான்கு குடைகளும் ஒரே குரலில், "ஆங்!" என்றன.

"ஆளு எப்படி?"

கோபத்தில் இருக்கும் மனிதர். அவர் பக்கம் பேசி, சூட்டைத் தணித்து, பஸ் ஏற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்று கௌதமனுக்குப் பட்டது. "கொஞ்சம் ஒரு மாதிரிங்க. தனக்குத்தானே பேசிக்குவான். நடுச் சோத்துல எழுந்து போயி எதையாவது எழுதுவான்."

"தண்ணி கிண்ணி?"

"நான் பாத்ததில்லீங்க."

"பாத்ததில்லன்னா? வூட்டுக்குள்ளவே வெச்சிக் குடிப்பானோ?"

"அண்ணா, நீங்க போயி..." என்று கனிமொழி ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு!" என்று அவளை அதட்டிவிட்டு, "இருக்கலாங்க, யார் கண்டா?" என்றான் கௌதமன்.

பெரியவர் முகம் கறுத்தது. நம் பேச்சு நன்றாக வேலை செய்கிறது என்று கௌதமன் நினைத்துக்கொண்டான்.

"அந்த வூட்ல ஒரு பொண்ணு கீதே, அது?"

"பொண்ணு தங்கங்க!" இதை மட்டும் யோசிக்காமல் சொன்னான்.

"அண்ணன் அந்த லட்சணத்துல கீறான், தங்கச்சி மட்டும் தங்கமா? ஒரே வூட்டுச் சோறுதானே?"

அதற்குள் கௌதமனின் போன் அடித்தது. அம்மா.

"கௌதமா, தரகரு இப்பத்தான் போன் பண்ணாரு. மாப்பிள்ளையோட அப்பாவே நம்ம தெருவுக்கு விசாரிக்க வந்துகினு இருக்காராம். பேரு ஆறுமுகம். நேத்துதான் மலைல மொட்ட போட்டாராம். எங்கனா பாத்தியானா பதவிசா நடந்துக்க. ஒளறி வெக்காத!"

கௌதமன் போனைக் கட் பண்ணிச் சட்டைப் பையில் போடப் போனான். அது பைக்குள் போகாமல் கீழே விழுந்தது.

"ஐயா... உங்க பேரு?"

"ஆறுமுகம். பொதட்டூர்பேட்ட."

கௌதமன் சொம்பை வாங்கி மிச்சத் தண்ணீரைத் தானே குடித்தான்.

"ஐயா, அந்தப் பையன் ரொம்ப நல்லவங்க."

"இப்பத்தானே ஒரு மாதிரின்ன?"

"ஒரு மாதிரின்னா... ஒரு மாதிரி நல்லவன்."

"குடிப்பான்ன?"

"மோருங்க. மோரு நெறய குடிப்பான்."

ஆறுமுகம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "உன் பேரு இன்னா நைனா?"

"த... தணிகைவேல்."

"அவனுக்கு நீ இன்னா வேணும்?"

"உயிருக்கு உயிரான சிநேகிதங்க. அவனும் நானும் வேற வேற இல்ல." பேரை மாற்றிச் சொன்ன பிறகு அவன் சொன்ன முதல் உண்மை அது.

அந்தப் பொய்ப் பேருக்கு ஆயுள் கம்மி. கொட்டாய் வாசலில் ஜெயம்மாள் வந்து நின்றாள்.

"டேய் கௌதமா! நான் போன்ல பேசிகினே கீறன், நீ பாட்டுக்குக் கட் பண்ற. அங்க சம்பந்தி வர்ற நேரம், இங்க பசங்களோட கூத்தடிச்சிகினு கீறியா?" என்றவள் பலகையில் இருந்தவரைப் பார்த்தாள். "யாருடா இது? உன் கதையில வர்ற திருட்டு மொட்டையா?"

ஆறுமுகம் எழுந்து வேட்டியை உதறினார்.

"அப்ப நீதான் கௌதமனா?"

இனி மறைக்க ஒன்றுமில்லை. கௌதமனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆமாங்க. ஒளறினதெல்லாம் நாந்தான். என்னய என்ன வேணா சொல்லுங்க. ஆனா என்னய வெச்சி எந் தங்கச்சிய எட போடாதீங்க. ரெண்டு எடம் என்னாலதான் போச்சி. நீங்க சொன்னா கதை எழுதறத இன்னிக்கே நிறுத்திடறேன்."

ஜெயம்மாளுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

ஆறுமுகம் தலையைத் தடவினார். சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"நான் விசாரிக்க வந்தேன். என்ன ஒக்கார வெச்சி இதுங்க விசாரிச்சிடுச்சுங்கம்மா. 'உங்க பையனுக்குக் கோவம் வந்தா கத்துவாரா, தட்டத் தூக்கி எறிவாரா'ன்னு என்ன கேக்குது ஒண்ணு. வூட்ல எச்சித் தட்டு யாரு கழுவறதுன்னு கேக்குது இன்னொண்ணு. மருமவ வேலைக்குப் போனா மாமியாரு மூஞ்சத் தூக்கி வெச்சிக்குவாங்களான்னு கேக்குது இந்தப் பொடுசு! என் பொண்டாட்டிகூட என்ன இப்படிக் கேட்டதில்ல. கதவு வேற சாத்தியிருக்கு, நானும் எல்லாத்துக்கும் உண்மையச் சொல்லித் தொலச்சிட்டேன்."

அவர் நான்கு குடைகளையும் ஒரு முறை பார்த்தார்.

"இவ்ளோ சொன்னப்புறம் வெள்ளிக்கிழம வராம போனா, எதையோ மறைக்கிறேன்னு இதுங்க கொடையத் தூக்கிகினு பொதட்டூர்பேட்டைக்கே வந்துடும். வர்றோம். எழுதறத நிறுத்தறதப் பத்தி எல்லாம் கல்யாணத்துக்கப்புறம் பேசிக்கலாம் நைனா. மொதல்ல எனக்கு ஒரு காபி குடுங்க. தண்ணியாவே ஊத்தினா எப்படி?"

ஜெயம்மாள் அவரைக் கும்பிடாத குறையாக வீட்டுக்கு அழைத்துப் போனாள். கௌதமன் அதே பலகையில் தொப்பென்று உட்கார்ந்தான். தங்கைக்கு நல்ல இடம் அமையப் போகிறது, அதுவும் தன் கதையின் புண்ணியத்தில் என்று நினைத்தபோது நெஞ்சு கொஞ்சம் நிமிரவும் செய்தது.

அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. அவன் எழுதிய எந்தப் புத்தகத்திலும் சங்கத்துப் பிள்ளைகள், 'நேற்று மாலை எங்கே இருந்தாய்?', 'அந்தக் காலடித் தடம் யாருடையது?' என்றுதான் கேட்பார்கள். எச்சில் தட்டைப் பற்றி ஒருத்தரும் கேட்டதில்லை.

"கனிமொழி, இங்க வா. மாமியாரு, மருமவ, தட்டுக் கழுவறது... இதெல்லாம் என் புக்குலயே இல்லியே. யாரு கேக்கச் சொன்னா?"

"எங்க சங்கத் தலைவரு. உங்க வூட்டப் பத்தி யாரு விசாரிச்சாலும் இதத்தான் கேக்கணும்னு சொன்னாங்க."

"உங்களுக்குத் தலைவரு வேறயா? யாரு அது?"

கனிமொழி இரண்டு பக்கமும் பார்த்தாள். குடையை விரித்து, அதன் மறைவில் அவன் காதருகே வந்தாள்.

"அது பரம ரகசியம்ண்ணா. வெளிய சொன்னா, மோகனப்ரியா அக்கா எங்கள சங்கத்த வுட்டே தூக்கிடுவாங்க."