இன்டர்நெட்டுப் பெயரின் விலை குறித்து மாப்பிள்ளைக்கு

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் வாயால் சொல்ல, உங்கள் மனைவி கையால் எழுதி அனுப்பும் கடிதம் இது. இங்கே நானும் என் முழங்காலும் ஒருவரையொருவர் அனுசரித்துக்கொண்டு சௌகரியமாக இருக்கிறோம். அங்கே நீங்களும், பட்டறையும், துணிக்கட்டின் மேல் படுத்துத் தூங்கும் அந்தப் பூனையும் சௌகரியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சாப்பாடெல்லாம் எப்படி நடக்கிறது என்று நானாகத்தான் கேட்கிறேன், உங்கள் மனைவி கேட்கச் சொல்லவில்லை. இந்த 'நானாகத்தான்' என்பதைக் கொஞ்சம் அழுத்தி எழுதிக்கொள்கிறேன் என்கிறாள். எழுதிக்கொள்ளட்டும்.

எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அதனால் கோபித்துக்கொண்டு வந்தவளையே உட்காரவைத்து, யாரைக் கோபித்துக்கொண்டு வந்தாளோ அவருக்கே கடிதம் எழுதச் சொல்லவேண்டிய நிலைமை. போனில் பேசலாமே என்று நீங்கள் கேட்கலாம். போனில் நான் ஏதாவது சொன்னால் "சரிங்க மாமா" என்பீர்கள். "அப்புறம்?" என்பேன். "அவ்ளோதாங்க மாமா" என்பீர்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து போனில் நாம் பேசிக்கொண்டது மொத்தம் இவ்வளவுதான். கடிதம் என்றால் நீங்கள் நடுவில் "சரிங்க மாமா" என்று சொல்லி முடித்துவைக்க முடியாது பாருங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் இரண்டு பேரும் நடத்துகிற சோபா, நாற்காலி பழுதுபார்க்கும் பட்டறைக்கு இன்டர்நெட்டில் 'உட்காருங்க டாட் காம்' என்று ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை ஒரு பெரிய நாற்காலிக் கம்பெனிக்காரன் விலைக்குக் கேட்கிறான். கொடுத்துவிட்டு, வருகிற பணத்தில் இவளுக்குத் தடித்த தோல் தைக்கிற பெரிய தையல் மெஷின் வாங்கலாம் என்பது உங்கள் கட்சி. உயிரே போனாலும் கொடுக்கக்கூடாது என்பது இவள் கட்சி. இதில் பேச்சு முற்றி, மாற்றுத்துணியை மறந்து, பல் தேய்க்கிற பிரஷ்ஷை மறந்து, கோபத்தை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி இங்கே வந்துவிட்டாள். வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அப்பா, பழைய சாமானுக்கு விலை சொல்றதுல உங்களை மிஞ்ச ஆள் உண்டா? இந்தப் பேருக்கு ஒரு விலை சொல்லுங்க. நீங்க சொன்னா அவர் கேப்பாரு."

எனக்குத் தலைகால் புரியவில்லை, மாப்பிள்ளை. வயசான காலத்தில் என்னை ஒரு ஆளாக மதித்து விலை கேட்கிறார்களே என்று ஒரு பூரிப்பு. நான் ஆயுசு முழுக்கப் பழைய மரச்சாமான் தரகு பார்த்தவன். ஒரு துண்டுக் காகிதம் வைத்துக்கொண்டதில்லை, எல்லாம் மண்டைக்குள்ளேதான். ரிட்டயர்டு ஜட்ஜ் வீட்டு மேஜையில் இடது டிராயருக்குள் மசிக்கறை, போட்டோ ஸ்டூடியோக்காரர் பெஞ்சில் ஒரு கால் மட்டும் வேறு மரம், எந்தப் பீரோவின் கதவு மழைக்காலத்தில் மூடாது, எல்லாம் இன்றைக்கும் சொல்வேன். அதனால் பழைய பழக்கத்தில், "சரி, பொருளைக் கொண்டா, கவிழ்த்துப் பாப்போம்" என்றேன்.

"பொருள் இல்லப்பா, பேருதான்."

"எங்க வெச்சிருக்கு?"

"எங்கயும் வெக்கலப்பா. அது சும்மா இருக்கும்."

"சும்மா இருக்கறதுக்குக் காசு கேக்கமாட்டானே?"

"வருஷா வருஷம் கட்டணும்பா. கட்டலைன்னா வேற யாராவது எடுத்துக்குவாங்க."

வருஷா வருஷம் கட்டினால் அதற்குப் பெயர் வாடகை. வாடகை வீட்டை யாராவது விற்பார்களா, யாராவது வாங்குவார்களா என்று கேட்டேன். இவளுக்கு மூக்கு சிவந்துவிட்டது. பிறகு இவளே போனை எடுத்து, பெயரைப் போட்டால் விலை சொல்கிற இடம் ஒன்று இருக்கிறது என்று தட்டினாள். ஒரு இடத்தில் இரண்டு பேர் ஓட்டலில் சாப்பிடுகிற காசு வந்தது. இன்னொரு இடத்தில் அந்த ஓட்டலையே வாங்குகிற காசு வந்தது. "யாரும்மா இதைச் சொல்றது?" என்றேன். "ஆள் இல்லப்பா, மெஷின்" என்றாள். தன் ஆயுசில் ஒருதடவையாவது உட்கார்ந்திருக்காத மெஷினுக்கு 'உட்காருங்க' என்கிற வார்த்தையின் அருமை என்ன தெரியும் என்று கேட்டேன். இங்கே வந்தபிறகு அப்போதுதான் இவள் முதன்முதலாகச் சிரித்தாள். இதை எழுதவேண்டாம் என்கிறாள். எழுதும்மா, தபால்தலை என் காசு.

பெயர் என்றால் காதில் விழுந்ததும் ஒட்டவேண்டும், தொழில் இன்னதென்று தெரியவேண்டும் என்று இவள் சொன்னாள். சரி, சோதித்துப் பார்த்துவிடலாம் என்று தெருமுனை சலூனுக்குப் போனேன். முடிவெட்டுகிறவரிடம், "நான் ஒரு பேரு சொல்றேன், என்ன தொழில்னு சொல்லு" என்றேன். "சொல்லுங்க பெரியவரே" என்றார். "உட்காருங்க" என்றேன். அவர் நாற்காலியைத் தட்டி, "அத நான் சொல்லணும். நீங்க உட்காருங்க" என்றார். இல்லையப்பா, பெயரே அதுதான் என்று விளக்குவதற்குள் கழுத்தில் துணியைக் கட்டிவிட்டார். ஒன்றும் வெட்டத் தேவையில்லாத தலைக்கு வெட்டிவிட்டார். வெட்டிக்கொண்டே பங்கும் கேட்டார்: "நாள் முழுக்க இந்த வார்த்தையச் சொல்றது நான். விக்கறது உங்க மாப்பிள்ளையா? எனக்கு ஒரு பங்கு வெக்கச் சொல்லுங்க."

இதில் ஒரு விஷயம் புரிந்தது, மாப்பிள்ளை. சலூன்காரருக்கு அந்தப் பெயர் பொருந்தும், பல் டாக்டருக்குப் பொருந்தும், போட்டோக்காரருக்குப் பொருந்தும், பஸ் கம்பெனிக்கும் பொருந்தும். எல்லாருக்கும் பொருந்துகிற பொருளுக்கு விலை ஏறும், உண்மைதான். ஆனால் சோபா கிழிந்துபோனவன் எவனாவது 'உட்காருங்க' என்று தேடுவானா? தேடமாட்டான். ஏற்கெனவே உங்களைத் தெரிந்தவன்தான் தேடுவான். அப்படிப் பார்த்தால் உங்கள் தொழிலுக்கு அந்தப் பெயரில் சத்து கம்மி. இப்படித் தரகனாக யோசித்துக்கொண்டே தலையைத் தடவியபடி வீட்டுக்கு வந்தேன்.

வந்து சொன்னால் இவள் ஒத்துக்கொள்ளவில்லை. "நம்மள ஏற்கெனவே தெரிஞ்சவங்கதான்பா முக்கியம். பள்ளிக்கூடத்து பெஞ்செல்லாம் நமக்குக் குடுக்கறாங்களே அந்தம்மா, அவங்க அந்தப் பேரைத் தட்டினா நாளைக்கு எவனோ ஒருத்தன் புது பெஞ்சு காட்டுவான். நம்ம வாசல்ல நின்னு நம்ம ஆளையே அவன் உள்ள கூப்பிடுவான்" என்றாள். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. எனக்கு எந்தப் பக்கம் பார்த்தாலும் நியாயமாகவே தெரிகிறது. தரகனுக்கு இது பெரிய வியாதி.

ஆனால் இதைச் சொல்லிவிட்டு இவள் அழுத அழுகை அந்த வாடிக்கைக்காரம்மாவுக்காக இல்லை என்று எனக்குத் தெரியும். நீங்கள் முதன்முதலில் எங்கள் பழைய சாமான் கடைக்கு வந்ததை நான் மறக்கவில்லை. பழுப்புக் கோடு போட்ட சட்டை, இரண்டாவது பொத்தான் மட்டும் வேறு நிறம், சைக்கிள் கேரியரில் ஒரு கை போன நாற்காலி. இவள் தலையைத் தூக்காமலே "உட்காருங்க" என்றாள். கடை முழுக்க நாற்காலிகள், ஒன்றுகூட உட்காருகிற நிலைமையில் இல்லை. நீங்கள் மரியாதைக்கு ஒன்றில் உட்கார்ந்தீர்கள். அடிப்பட்டை அறுந்த நாற்காலி அது. அப்படியே உள்ளே இறங்கி, முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் நிற்க, "பரவாயில்லைங்க, வசதியாத்தான் இருக்கு" என்றீர்களே! இவள் ஒரு கையும் நான் ஒரு கையுமாகப் பிடித்து இழுத்தோம். நான் விட்டபிறகும் இவள் கையை விடவில்லை. நான் பார்க்காத மாதிரி சுவரைப் பார்த்தேன். பட்டறை ஆரம்பித்தபோது இவள் அந்த வார்த்தையையே பெயராக வைத்ததும் அதனால்தான். இதற்கெல்லாம் அந்த மெஷினில் ஏது விலை?

பேனா நின்றுவிட்டது. கண்ணில் தூசியாம். காத்திருக்கிறேன்.

இப்போது ஒரு விஷயம் சொல்லவேண்டும். இதை இவளிடமும் சொல்லவில்லை, எழுதும்போதுதான் தெரிந்துகொள்ளப்போகிறாள். முந்தாநாள் இவள் குளித்துக்கொண்டிருந்தபோது இவள் போன் அடித்தது, எடுத்தேன். அந்தக் கம்பெனியின் தரகர். "ஐயா, அந்தப் பேரு விஷயமாப் பேசணும்" என்றார். என் ஆயுசு முழுக்க நான் வாங்குகிற கட்சிக்கே தரகு பார்த்தவன். பொருள் பேச்சு காதில் விழுந்தாலே முதலில் அதைக் குறை சொல்லத்தான் நாக்கு வரும். விற்கிற கட்சி நாம்தான் என்பது அந்த நேரத்தில் மறந்தேபோயிற்று. "அதுவா? அது ஒண்ணுத்துக்கும் ஆகாத பேருங்க. உட்காருங்கன்னா எதுல உட்காரறது? வருஷா வருஷம் வாடகை வேற. சலூன்காரன்கூட சிரிக்கறான். நானா இருந்தா தொடமாட்டேன்" என்று, கரையான் பிடித்த கட்டிலைப் பற்றிப் பேசுகிற மாதிரி விளாசிவிட்டேன்.

கேட்டுவிட்டு அந்தத் தரகர் சிரித்தார். பிறகு அவர், "ஐயா, இவ்வளவு மட்டமாப் பேசறீங்கன்னா நீங்க வேற கம்பெனிக்கு வாங்க வந்தவரு. எங்களுக்குப் புரியாதா? முன்னாடி சொன்னதுல ரெட்டிப்பு. அந்தம்மாகிட்டச் சொல்லிடுங்க" என்று வைத்துவிட்டார்.

"அப்பா!" என்று கத்துகிறாள். கத்தட்டும், எழுதிக்கொண்டேதான் கத்துகிறாள். என் வாய் வீச்சில் விலை இரட்டிப்பாகிவிட்டது, மாப்பிள்ளை. ஒருபக்கம் பெருமை. இன்னொருபக்கம் பயம். இரட்டிப்பு என்று காதில் விழுந்தால் நீங்கள் கையெழுத்துப் போட்டுவிடுவீர்கள், இவள் இங்கேயே இருந்துவிடுவாள். அந்த விலை பெயரின் விலை இல்லை, என் வாயின் விலை என்று உங்களுக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

ஆனால் சொல்லிக்கொண்டே இவள் விரலைப் பார்க்கிறேன். பேனா பிடிக்கிற கட்டைவிரல் நுனி முழுக்க ஊசி ஏறின தழும்பு. சின்ன மெஷினில் நுழையாத தோலை இவள் கையாலேயே குத்தித் தைக்கிறாள், அதைத் தினமும் பார்ப்பது நீங்கள். தரகனாகக் கேட்டால், வேண்டாம் என்றாலும் விலை ஏறுகிற பொருள், வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். அப்பனாகக் கேட்டால், விற்றுவிடுங்கள். வார்த்தை போனால் இவளுக்கு இன்னொரு வார்த்தை கிடைக்கும், வாயாடிதானே. விரலுக்கு எங்கே போவது? ஆனால் போனில் விற்றுவிடாதீர்கள். நேரில் வந்து, இவளிடம் சொல்லிவிட்டு, இவளைக் கூட்டிக்கொண்டுபோய், அப்புறம் விற்றுவிடுங்கள்.

"இதயும் எழுதணுமா?" என்கிறாள். எழுதும்மா. "சரி, அவரு வித்துக்கட்டும்ப்பா. அவரு நல்லதுக்குத்தானே சொல்றாரு" என்கிறாள். நான் சொல்லாத வாக்கியம் இது, இவளாகச் சொன்னது. அதையும் எழுதச் சொன்னேன். எழுதினாளா என்று எனக்கு எப்படித் தெரியும்?

நீங்கள் தொட்ட காரியமெல்லாம் துலங்கவேண்டும், தோள்வலி இல்லாமல் ஆணி அடிக்கவேண்டும், இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு சண்டை போடவேண்டும் என்று மனசார வாழ்த்தும்,

உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: மாப்பிள்ளை, இந்தப் பின்குறிப்பை எழுதுவது நீங்கள்தான். உறையை ஒட்டுவதற்கு முன்னால் நீங்களே வாசலில் வந்து நிற்பீர்கள் என்று யார் கண்டது? வாங்கின தபால்தலை வீணாகக்கூடாது என்பதால், உங்களுக்கு வந்த கடிதத்துக்கு உங்கள் கையாலேயே மீதியை எழுதச் சொல்கிறேன். தயவுசெய்து நடுவில் "சரிங்க மாமா" என்று சொல்லாதீர்கள், எழுத்து நின்றுபோகிறது. மேலே இருப்பதை நீங்கள் படித்துக் காட்டினீர்கள், ஒன்றையும் இவள் விடவில்லை, சந்தோஷம். ஆனால் அப்புறம் நீங்கள் சொன்னதையும் எழுதிவிடுங்கள்: "அவ பஸ் ஏறின அன்னைக்கே அந்த ஆளுகிட்ட முடியாதுன்னுட்டேன் மாமா. அவன் அப்பவே ரெட்டிப்பு தர்றேன்னான். அதுக்கும் முடியாதுன்னேன். இவகிட்டச் சொல்லலாம்னா போனை எடுக்கவே மாட்டேங்கறா." ஆக, என் வாய்க்கு ஒரு விலையும் இல்லை, இரட்டிப்பு எனக்கு முன்னாலேயே சொன்னதுதான். போகட்டும். இப்போது இவள் அடுக்களையிலிருந்து, விற்றுத்தான் ஆகவேண்டும், மெஷின் வேண்டும் என்று சத்தம் போடுகிறாள். நீங்கள் எழுதிக்கொண்டே, விற்கமாட்டேன், கடன் வாங்கியாவது மெஷின் வாங்குவேன் என்று பதில் சத்தம் போடுகிறீர்கள். கட்சி மாறிவிட்டது, சண்டை அப்படியேதான் இருக்கிறது. இந்தச் சண்டையில் என்னிடம் யாரும் விலை கேட்கவேண்டாம். பேனாவை மூடிவிட்டு உள்ளே போங்கள், மாப்பிள்ளை. நான் மருந்துக்கடை வரைக்கும் நடந்துவிட்டு வருகிறேன். மருந்து ஒன்றும் தீரவில்லை, இருந்தாலும் போகிறேன். எனக்கு எழுத்துத்தான் தெரியாது, காது நன்றாகக் கேட்கும். யார் தோற்பது என்று நீங்கள் இரண்டு பேரும் முடிவு செய்துவையுங்கள். முழங்கால் வலி, மெதுவாகத்தான் வருவேன்.