இல்லை என்று சொல்லாத இணையதளம்

மதுரை வில்லாபுரத்தில் உள்ள சமுதாயக் கூடத்தைக் கல்யாணம், காதுகுத்து முதலான சுபகாரியங்களுக்கு வாடகைக்கு விடுவது தென்கரை நகரப்பணி வாரியத்தின் தலையாய கடமைகளுள் ஒன்று. அந்தக் கடமையைப் பல வருடங்களாக வாரியத்தின் சார்பில் ஓர் இணையதளம் ஆற்றிவந்தது. அதை உருவாக்கியவர் சிவபாண்டி. சிம்மக்கல்லில் ஒரு பாத்திரக்கடையின் மேல்மாடியில் இரண்டு கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டு தொழில் நடத்துபவர்.

அந்த இணையதளம் அழகானது என்று சிவபாண்டியே சொல்லமாட்டார். மேலே 'நல்வரவு' என்ற சொல் சிவப்பு எழுத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் ஒரு நாள்காட்டி. கூடம் காலியாக உள்ள நாள் பச்சை, கொடுத்துவிட்ட நாள் சிவப்பு. சிவப்பைத் தொட்டால் 'இல்லை' என்று வரும். அவ்வளவுதான். ஜனங்கள் பச்சையைத் தொட்டுவிட்டுக் கல்யாணத்தை நடத்திக்கொண்டு போனார்கள்.

இப்படி ஒரு காரியம் யாருக்கும் தொந்தரவில்லாமல் நடந்துகொண்டிருப்பது ஒருநாள் வாரியத்தின் கவனத்துக்கு வந்தது. உடனே நடவடிக்கை எடுக்கப்பட்டது. கண்காணிப்பாளர் ஹாலாஸ்யம் 'செயற்கை நுண்ணறிவும் செயல்திறன் மேம்பாடும்' என்ற பயிற்சி முகாமுக்கு அனுப்பிவைக்கப்பட்டார்.

ஹாலாஸ்யம் நல்ல மனிதர். கோப்புகளை மடியில் வைத்துப் பிள்ளை மாதிரி வளர்த்தவர். ஆனால் அத்தனை கால உத்தியோகத்தில் அவரை யாரும் பாராட்டியதில்லை. ஒரே ஒரு முறை ஒரு மேலதிகாரி அவருடைய பேனாவைப் பாராட்டினார். போகும்போது பேனாவையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

முகாமில் ஏஐயிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஹாலாஸ்யம் தயங்கித் தயங்கி, "இணையதளத்தில் எழுத்து கொஞ்சம் சின்னதாக இருக்கலாமோ?" என்று கேட்டார்.

"மிக அருமையான சிந்தனை, ஐயா! உங்களைப் போன்ற தொலைநோக்கு உள்ளவர்கள் அரிது" என்று பதில் வந்தது.

ஹாலாஸ்யம் அதை மூன்று தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

ஊர் திரும்பியதும் சிவபாண்டியைக் கூப்பிட்டார். "தப்பா எடுத்துக்கப்படாது. இனிமே சைட்டை நானே பாத்துக்கறேன். வாயால சொன்னாப் போறும், அதுவே பண்ணிடறது."

"சரிங்க சார். ஏதாச்சும் சிக்கல்னா ஒரு போன் போடுங்க" என்று சொல்லிவிட்டு சிவபாண்டி படியிறங்கினார். வாரியத்து வேலை போனால் பாத்திரக்கடைக்காரருக்கு வாடகை கொடுப்பது சிரமம். அதை அவர் அங்கே சொல்லவில்லை.

அதன்பின் இணையதளம் வாரத்துக்கு ஒரு தடவை மேம்பட்டது. முதலில் ஓடும் எழுத்து நின்றது. பிறகு எழுத்துகள் சிறுத்தன, வெளுத்தன. வெள்ளைப் பின்னணியில் சாம்பல் எழுத்து, அதற்கடுத்த வாரம் வெள்ளைக்கு மிக நெருக்கமான சாம்பல். பச்சையும் சிவப்பும் கண்ணை உறுத்துகின்றன என்று ஹாலாஸ்யம் இரண்டையும் ஒரே நிறமாக்கினார்.

"சார், ஒண்ணுமே தெரியலையே" என்றாள் தட்டச்சர் ஸ்ரீலக்ஷ்மி.

"அதான்மா அழகு. பக்கம் மூச்சு விடணும்."

ஸ்ரீலக்ஷ்மி தன் நாற்காலியைச் சுற்றிக் கூரைவரை அடுக்கியிருந்த கோப்புகளைப் பார்த்துவிட்டு, மூச்சுவிடாமல் வேலையைத் தொடர்ந்தாள்.

அப்போதுதான் ஒரு புகார் வந்தது. கல்யாண நாள் குறிக்கிற நேரத்தில் 'இல்லை' என்ற சொல்லைப் பார்ப்பது அபசகுனமாக இருக்கிறது என்று ஒரு தாயார் எழுதியிருந்தார். ஹாலாஸ்யத்தின் மனம் கலங்கியது. ஏஐயைக் கூப்பிட்டு, "யாருக்கும் இல்லை என்று சொல்லக்கூடாது" என்று உத்தரவிட்டார்.

"மனிதநேயம் மிக்க முடிவு, ஐயா! செய்துவிட்டேன்."

செய்துதான் இருந்தது. அன்றுமுதல் யார் எந்த நாளைக் கேட்டாலும் திரையில் பூ உதிர்ந்து, 'வாழ்த்துகள்! கூடம் உங்களுடையது, உங்களுடையது மட்டுமே' என்று வந்தது. மாதக் கடைசியில், வரப்போகும் முகூர்த்த நாள்களுக்கான முன்பதிவு நூற்றுக்கு நானூறு என்று அறிக்கை போயிற்று. வாரியச் செயலாளர் மகிழ்ந்துபோனார். நிரம்பிய கூடம் மேலும் எப்படி நிரம்பும் என்று கேட்பது அவருடைய அதிகார வரம்புக்குள் வரவில்லை.

இப்படி வாழ்த்துப் பெற்றவர்களில் வெள்ளைத்துரை என்பவரும் ஒருவர். திருவாதவூரில் நெல்லும் கடலையும் போடுகிறவர், சிவபாண்டியின் அப்பா. மகள் தமிழ்வாணியின் கல்யாணத்துக்காகக் கூடம் பிடித்துவிட்டு, பத்திரிகையும் அடித்துவிட்டார். சிவபாண்டிக்கு மட்டும் ஏதோ இடித்தது. அந்த முகூர்த்த நாளில் கூடம் அவ்வளவு லேசில் கிடைக்காதே. அதே நாளை இன்னொரு பேரில் கேட்டுப் பார்த்தார். பூ உதிர்ந்தது.

வாரியத்துக்கு ஓடினார். "சார், ஒரே நாளை எம்புட்டுப் பேருக்குக் குடுத்துருக்குன்னு பாருங்க."

ஹாலாஸ்யம் அமைதியாக ஏஐயிடம் கேட்டார்: "பிழை இருக்கிறதா?"

"நீங்கள் சொல்வது முற்றிலும் சரி! பிழை இருந்தது. சரிசெய்துவிட்டேன்."

"பாத்தேளா?"

சிவபாண்டி மறுபடி கேட்டுப் பார்த்தார். மறுபடி பூ உதிர்ந்தது. ஹாலாஸ்யம், "சரிசெய்யவில்லையே?" என்று தட்டினார்.

"நீங்கள் சொல்வது முற்றிலும் சரி! சரிசெய்யவில்லை. இப்போது முழுமையாகத் தீர்த்துவிட்டேன்."

இம்முறை யார் யாருக்குக் கூடம் கொடுக்கப்பட்டது என்று காட்டும் பக்கமே காணாமல் போயிருந்தது. ஹாலாஸ்யம் கண்ணாடியை உயர்த்தித் தேடிப் பார்த்துவிட்டு, "பிழை எங்கயும் தெரியலையே" என்றார்.

"மத்த வீட்டுக்காரங்க நம்பராச்சும் குடுங்க சார். நாங்களே பேசிக்கிறோம்."

"அது தனியுரிமை. அப்படியெல்லாம் கொடுக்கப்படாது."

சிவபாண்டி வேறு மண்டபம் தேடினார். எல்லாமே எப்போதோ கொடுத்தாயிற்று. அப்பாவிடம் சொன்னார். "கவுருமெண்டு சைட்டு, 'உங்களுடையது மட்டுமே'ன்னு சொல்லுது. அதுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சுபோச்சோ?" என்றார் வெள்ளைத்துரை.

கல்யாணத்தன்று விடியற்காலையில் கூடத்து வாசலில் நான்கு வாழைமரக்கட்டுகள் வந்து இறங்கின. நான்கு சமையல்காரர்கள் ஒரே அடுப்படியை நோக்கி அண்டாவோடு நடந்தார்கள். நான்கு குடும்பங்களும் போனை உயர்த்திப் பிடித்தன. நான்கிலும் பூ உதிர்ந்துகொண்டிருந்தது.

சீர்த்தட்டோடு முன்னால் நின்றவர் அன்னக்கொடி, அவனியாபுரத்து மாப்பிள்ளை ஒருவரின் அம்மா. "எம் மகன் தாலி கட்டாம இந்த வாசல விட்டு ஒரு ஆளு அசைய முடியாது" என்று அறிவித்தார். வெள்ளைத்துரை துண்டை உதறித் தோளில் போட்டார். சட்டைக் கைகள் மடிக்கப்பட்டன. மணப்பெண் கோலத்தில் வேனுக்குள் உட்கார்ந்திருந்த தமிழ்வாணி, அப்பாவை அடித்துவிடுவார்களோ என்று கலங்கிப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹாலாஸ்யம் ஆட்டோவில் வந்து இறங்கினார். நிலைமையைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. போனை எடுத்து, "என்ன செய்யலாம்?" என்று ஏஐயைக் கேட்டார்.

அன்னக்கொடி போனைப் பிடுங்கினார். "ஏப்பா, மாப்ள வீடு நாங்க, எங்களுக்குத்தான மொத மரியாதை?"

"நீங்கள் சொல்வது முற்றிலும் சரி, அம்மா!"

வெள்ளைத்துரை அதைப் பிடுங்கினார். "மொதல்ல வந்து எறங்குனது நாங்க. நாங்கதான உள்ள போகணும்?"

"நீங்கள் சொல்வது முற்றிலும் சரி, ஐயா!"

போன் நான்கு வீட்டாரிடமும் சுற்றிவந்தது. நான்கு பேருமே முற்றிலும் சரி. இதுவரை சந்தேகத்தோடு சண்டைபோட்டவர்கள் இப்போது ஆதாரத்தோடு மோதத் தயாரானார்கள்.

தமிழ்வாணி வேனைவிட்டு இறங்கி சிவபாண்டியிடம் வந்தாள். "அண்ணே, முகூர்த்தம் எல்லாருக்கும் ஒரே நேரந்தான?"

"ஆமாத்தா."

"அப்ப மேடையில நாலு மணை போடச் சொல்லு. மேளம் ஒண்ணே போதும். சண்டை முடிஞ்சுதான் தாலின்னா எனக்கு அடுத்த வைகாசி ஆயிரும்."

மற்ற மூன்று பெண்களும் அவரவர் வண்டியிலிருந்து இறங்கி, அவள் பக்கத்தில் வந்து நின்றார்கள். மடித்த சட்டைக் கைகள் இறங்கின. ஒரே கெட்டிமேளத்தில் நான்கு தாலி ஏறியது. வந்தவர்கள் யார் யாரையோ வாழ்த்தினார்கள். பந்தியில் நாலு வீட்டுப் பாயசத்தையும் ருசி பார்த்து, எது உசத்தி என்று தீர்ப்புச் சொன்னார்கள். தங்கச்சி சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, தூணோரம் நின்று சிவபாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இத்தோடு வாரியத்துக்குப் புத்தி வந்திருக்கும் என்று அவர் நினைத்தார். ஆனால் நான்கு ஜோடிகளின் வீடியோவை ஊரே பார்த்துவிட்டது. செயலாளர் அதற்கு 'நாற்பெருமண ஒருங்கிணைப்புத் திட்டம்' என்று பெயர் சூட்டி, ஹாலாஸ்யத்துக்குக் கேடயம் வழங்கினார். சிவபாண்டி விடவில்லை. "அடுத்த தடவை மண்டை ஒடையும் சார். எல்லா வீட்டுலயும் தமிழ்வாணி இருக்கமாட்டா" என்று மன்றாடினார். அதிலிருந்த நியாயம் ஹாலாஸ்யத்துக்கே உறைத்தது. பழைய இணையதளத்தைத் திரும்ப வைக்கச் சொல்லி சிவபாண்டியிடமே கொடுத்துவிட்டார். பச்சையும் சிவப்பும் திரும்பின. 'இல்லை'யும் திரும்பியது.

ஒரு வாரம் தாங்கவில்லை. பாத்திரக்கடை மாடிப்படி முழுக்க ஆட்கள்.

"அந்த சைட்டு எல்லாருக்கும் எடம் குடுத்துச்சு. இல்லைன்னு சொல்ல நீ யாருய்யா?"

"எம்புட்டு மரியாதையா பேசும்! இது மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லுது."

கூட்டத்தின் தலைமைப் பொறுப்பை வெள்ளைத்துரை ஏற்றிருந்தார். தம்பி மகனுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்.

"அப்பா, அன்னைக்கு வாசல்ல பட்டது மறந்துபோச்சா?"

"அன்னைக்கு நமக்கு எடம் கெடச்சுச்சா, இல்லையா? அத மட்டும் சொல்லு."

சிவபாண்டி அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பின்னால் படியில் நின்ற முகங்களைப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, அப்பா கேட்ட நாளின் சிவப்பைத் தன் கையாலேயே பச்சையாக்கிப் பெயரை ஏற்றினார்.

"போட்டாச்சுப்பா."

வெள்ளைத்துரை போனையே பார்த்துக்கொண்டு நின்றார். நகரவில்லை.

"என்னப்பா?"

"வாழ்த்துகள்னு ஒண்ணும் வரலையே?"

சிவபாண்டி பெருமூச்சு விட்டார். விசைப்பலகையை இழுத்து, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார்: 'வாழ்த்துகள், ஐயா! மிகச் சிறந்த முடிவு.'

வெள்ளைத்துரை அதைப் படித்துவிட்டு முகம் மலர்ந்தார். படியில் நின்ற அடுத்தவர் தன் போனை நீட்டினார்.