லாபத்தில் முடியவேண்டிய படிக்கட்டு

ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை, காலை ஆறே கால் மணி. ராத்திரி மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. புழுக்கம் மட்டும் குறையவில்லை. கிழக்குத் தாம்பரத்தில் நான் புதிதாகக் கட்டிய மாடியில் பால் காய்ச்ச வந்தவர்களைக் கீழே நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். (எண்ணாமல் எதையும் என்னால் பார்க்க முடியாது. கல்யாணப் பந்தியில் அப்பளம் உட்பட.)

மாடி கட்டியதே மேடவாக்கத்தில் வாடகைக்கு இருந்த மகனும் மருமகள் நித்யாவும் எங்களோடு வந்து இருக்கவேண்டும் என்றுதான். நித்யாவுக்கு அப்போது ஏழாம் மாதம். பேரக் குழந்தை இந்த வீட்டில் தவழவேண்டும். எனக்கும் என் மனைவி கோமதிக்கும் வேறு ஆசையே இல்லை.

படிக்கட்டுக் கான்கிரீட் காய்ந்ததும் எண்ணிக்கொண்டே ஏறினேன். முதல் படி லாபம், அடுத்தது நஷ்டம், மறுபடி லாபம் என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு போனால் கடைசிப் படி லாபத்தில் முடியவேண்டும். வீடு கட்டுகிறவர்கள் வேறு எதை விட்டாலும் இதை விடமாட்டார்கள். எனக்குப் பதினெட்டு வந்தது. நஷ்டம். இறங்கி இன்னும் இரண்டு முறை ஏறிப் பார்த்தேன். நஷ்டம் அசையவில்லை.

இன்ஜினியர் பிரபுவை அழைத்து, கதவுக்கு முன்னால் இரண்டு அங்குல உயரத்தில் இன்னொரு படி வைக்கச் சொன்னேன்.

"சார், எல்லாப் படியும் ஒரே உயரம் இருக்கணும். முதல் ரெண்டு படியிலயே கால் அளவு எடுத்துக்கும். அப்புறம் கண்ணு கீழ பாக்காது. ஒண்ணு மாறினாலும் ஆள் விழுவாங்க."

"முப்பத்தாறு வருஷம் ஆடிட்ல இருந்தவன் நான். எனக்கே கணக்கு சொல்றியா தம்பி?"

அவர் பள்ளிக்கரணையில் வேறு வேலை இருக்கிறதென்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் நானே மேஸ்திரியைப் பிடித்து அந்தப் படியை வைத்து முடித்தேன்.

பால் காய்ச்சும் நாளன்று முதலில் ஏறியவர் ஐயர். மந்திரம் சொல்லிக்கொண்டே போனவர் கதவருகில் சட்டென்று குனிந்தார். அடுத்து, தேங்காயோடு போன என் மச்சான் குனிந்தான். பக்கத்து வீட்டு அக்காவும் குனிந்தார். என் வீட்டு வாசலை எல்லோரும் வணங்கிவிட்டல்லவா உள்ளே போகிறார்கள் என்று கண் கலங்கிவிட்டேன். (சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.)

நான்காவதாகப் போன சம்பந்தியம்மா, நித்யாவின் தாயார், குனியவில்லை. பறந்தார். பால் பாத்திரம் அவருக்கு முன்னால் பறந்தது. முழங்கால் சிராய்ப்போடு அவர் தப்பினார். மூக்குக் கண்ணாடி தப்பவில்லை. இரண்டு லிட்டர் பாலும் ஒரு படி விடாமல் இறங்கி வந்து என் காலை நனைத்தது.

மேலிருந்து மச்சான் எட்டிப் பார்த்தான். "அத்தான், அடுப்புல வைக்கறதுக்கு முன்னாடியே பொங்கிடுச்சு."

யாரும் சிரிக்கவில்லை. சம்பந்தியம்மா படியில் உட்கார்ந்தபடியே மகளிடம் சொன்னார்: "கைக்குழந்தையத் தூக்கிக்கிட்டு இதுலயா ஏறப் போற? மேடவாக்கத்துல லிஃப்ட் இருக்கு. அங்கயே இரு."

கோமதி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் கீழே விழுந்திருக்கலாம்.

சாயங்காலமே பிரபுவைக் கெஞ்சி வரவழைத்தேன். எப்படி எண்ணினீர்கள் என்று கேட்டார். ஏறிக் காட்டினேன். பதினேழில் என் முழங்கையைப் பிடித்தார்.

"நில்லுங்க சார். படி முடிஞ்சிருச்சு. அடுத்து நீங்க வெக்கப்போறது மாடித் தரை. அதையும் படின்னு எண்ணிட்டீங்க. நான் லாபத்துலதான் முடிச்சுக் குடுத்தேன்."

கீழே நின்ற நித்யா அன்று முதன்முறையாகச் சிரித்தாள். "மாமா, ஆபீஸ்லயும் இப்படித்தான் ஆடிட் பண்ணீங்களா?"

அவள் சிரித்தவுடனே எனக்கு உயிர் வந்தது. மறுநாள் அந்தப் படி உடைபட்டது. தை மாதம் குழந்தையோடு மாடிக்கு வந்துவிட்டார்கள்.

அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறான். பையை ஆட்டிக்கொண்டு லாபம், நஷ்டம் என்று கத்திக்கொண்டே ஏறுவான். பதினேழாவது லாபம். மாடித் தரையில் கால் வைக்கும்போது நஷ்டம் என்று சொல்லமாட்டான். "தாத்தா!" என்று கத்திவிட்டுத் தடுக்கி விழுவதுபோல நடிப்பான். எங்கள் வீட்டில் பதினெட்டுக்கு அதுதான் பெயர். நானும் மேலே போனதும் இல்லாத அந்தப் படிக்காகக் காலைக் கொஞ்சம் கூடுதலாகவே தூக்குகிறேன்.

படி வைத்த கூலி, அதைவிட அதிகமாக ஆன உடைத்த கூலி, சம்பந்தியம்மாவின் கண்ணாடி, பால் எல்லாம் சேர்த்து ஏழாயிரத்து ஐந்நூற்று முப்பது ரூபாய்.