ஆளுக்கு ரெண்டு பேர்

பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு மனைவி போன் பேசினால் சாதாரணப் புருஷன் என்ன நினைப்பான்? அவள் அம்மாவோடு பேசுகிறாள், தன்னைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாக டி.வி. பார்ப்பான்.

நம் ஆள் அப்படிப்பட்டவர் இல்லை. பங்குச்சந்தைக் கண்காணிப்பு ஆணையத்தில், முதலீட்டாளர் விழிப்புணர்வுப் பிரிவில் அதிகாரி. மண்டபம் மண்டபமாகப் போய், "யாரையும் லேசில் நம்பிவிடாதீர்கள்" என்று ஜனங்களுக்குச் சொல்வதற்குத்தான் அவருக்குச் சம்பளம். சம்பளம் இல்லாத நேரத்திலும் அதே வேலைதான். துணி தேய்க்கிறவரிடம், "இந்தத் தொழிலை எங்கே பதிவு செய்திருக்கிறாய்?" என்று கேட்பார். மேல்வீட்டம்மா பேரனின் பிறந்தநாளுக்குக் கேக் கொண்டுவந்து நீட்டினால், தட்டை வாங்குவதற்கு முன், "இதில் உங்களுக்கு என்ன லாபம்?" என்பார். லிஃப்டில் யாராவது அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டால் அடுத்த மாடியிலேயே இறங்கி, மிச்சத்தை நடந்து ஏறுவார். அந்தக் கட்டடத்துக்கு அவர் குடிவந்த பிறகு குடியிருப்போர் சங்கத்தில் பொருளாளர் பதவிக்கு ஆள் கிடைக்கவில்லை. இருந்த பொருளாளர், இவர் கேட்ட கேள்விகளில் இளைத்துப்போய் ராஜினாமா செய்துவிட்டார். ஆபீசில் அவருக்கு 'சந்தேகம் சார்' என்று பெயர். வீட்டில் வெறும் 'என்னங்க'.

அப்படிப்பட்டவருடைய வீட்டில் பால்கனிக் கதவு சாத்தியிருந்தது.

சந்தேகம் சார் ஒரு டம்ளரை எடுத்துக் கதவுக் கண்ணாடியில் வைத்தார். டம்ளரின் அடிப்பக்கத்தில் காதை வைத்தார்.

"ஆளுக்கு ரெண்டு பேர். அவ்வளவுதான் கேக்கறேன்" என்றாள் மனைவி. "அந்த ரெண்டு பேரும் ஆளுக்கு ரெண்டு பேரைப் பிடிக்கணும். அவங்க இன்னும் ரெண்டு ரெண்டு பேர். சனிக்கிழமைக்குள்ள முடிச்சாகணும். விட்டா இந்த மாதிரி சந்தர்ப்பம் திரும்ப வராது. பலன் உண்டு, நான் கியாரண்டி. எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க."

டம்ளர் கையிலிருந்து நழுவியது. எவர்சில்வர் டம்ளர் தரையில் உருண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டுவிட்டு சோபாவுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. அவரும் கூடவே போயிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஆள் பிடிக்கும் சங்கிலி. அவசரம். உத்தரவாதமான பலன். ரகசியம். மோசடியின் அடையாளங்கள் என்று அவர் மண்டபங்களில் திரை போட்டுக் காட்டுவது அத்தனையும் இப்போது நைட்டி போட்டுக்கொண்டு அவர் வீட்டுப் பால்கனியில் நின்றுகொண்டிருந்தது.

அதிலும் சனிக்கிழமை. அந்தச் சனிக்கிழமையில்தான் அவருடைய தலையெழுத்தே இருந்தது.

விஷயம் இதுதான். அவருடைய கூட்டங்களுக்குக் கூட்டம் வருவதில்லை. போன கூட்டத்துக்கு மூன்றே பேர். ஒருவர் ஏ.சி.க்காக வந்தார். ஒருவர் பக்கத்துக் கல்யாண வீடு என்று நினைத்து வந்தார். மூன்றாமவர் கதவைப் பூட்டுகிற காவலாளி. இதைக் கேள்விப்பட்ட மேலதிகாரியம்மாள் அவரைக் கூப்பிட்டு, "சனிக்கிழமை உங்க கட்டடத்து ஹால்லயே ஒரு கூட்டம் போடுங்க, நானே வந்து பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டாள். ஹால் நிறைந்தால் வெளியூர்ப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். காலியாகக் கிடந்தால் புகார் தொலைபேசிப் பிரிவு. காதில் மெஷினை மாட்டிக்கொண்டு, காலை முதல் மாலை வரை பணத்தைப் பறிகொடுத்தவர்களின் வசவை வாங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

இந்த நேரத்தில் அவருடைய மனைவியே மோசடிக் கும்பலுக்கு ஆள் பிடிக்கிறாள் என்று வெளியே தெரிந்தால்? புகார்ப் பிரிவு கூடக் கிடைக்காது. அவரைப் பற்றித்தான் புகார் வரும்.

சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தார்.

"யாரோட பேசிட்டிருந்தே?"

"எப்போ?"

"பால்கனியில."

"மேல்வீட்டம்மாவோட."

"மேல்வீட்டம்மா மேல் வீட்டுலதானே இருக்காங்க. போன் எதுக்கு?"

"முட்டி வலின்னு நடக்கவே முடியலையாம்."

"என்ன பேசினீங்க?"

"முட்டி வலியைப் பத்தித்தான். நீங்க கண்ணாடிக்கு டம்ளர்ல தண்ணி குடுத்துட்டு இருந்தீங்களே, அதுக்கு தாகம் தீர்ந்துச்சா?"

அவருக்குப் புரை ஏறியது. நேராகக் கேட்டால் இவளிடம் ஒன்றும் பெயராது என்று முடிவு செய்தார். பொறி வைத்தே பிடிக்க வேண்டும்.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தையல் கடை. டெய்லர் அவருக்கு வேண்டியவர், அதாவது அவரை ஒரே ஒரு முறைதான் விசாரித்திருந்தார். மறுநாள் மத்தியானம் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, டெய்லரை மோசடிக்காரராக உட்காரவைத்தார். பேச வேண்டியதை எல்லாம் மனப்பாடம் செய்வித்தார். அவள் இதில் விழுந்தால் அதிலும் விழுந்திருப்பாள். இதுதான் அவருடைய கணக்கு.

டெய்லர் எச்சில் விழுங்கிவிட்டு நம்பரை அழுத்தினார். ஸ்பீக்கரில் போட்டார்.

"வணக்கம் மேடம். தங்கக் கதவு முதலீட்டுத் திட்டத்துலேருந்து பேசறோம். பத்தாயிரம் போட்டா மாசம் ரெண்டாயிரம் லாபம். கியாரண்டி."

"அப்படியா சார்? அந்த ரெண்டாயிரத்தை முதல்ல அனுப்புங்க."

"முதல்ல நீங்க போடணும் மேடம்."

"கியாரண்டின்னு நீங்கதானே சொன்னீங்க. நிச்சயமா வரப்போற பணம் முன்னாடி வந்தா என்ன, பின்னாடி வந்தா என்ன?"

டெய்லர் போனைக் கையால் மூடிக்கொண்டார். "அண்ணே, நியாயமாத்தான் கேக்கறாங்க."

"குடுத்துத் தொலை" என்றார் சந்தேகம் சார். "நிஜ மோசடிக்காரனும் முதல்ல கொஞ்சம் குடுத்துத்தான் நம்ப வைப்பான். பாடத்துலயே இருக்கு."

"ஐநூறு அனுப்பறோம் மேடம்."

"ஐநூறா? தங்கக் கதவுன்னு பேரு வெச்சுக்கிட்டு தகரக் கதவு மாதிரி பேசறீங்களே. ஐநூறு குடுக்கற கம்பெனியை நம்பி நான் பத்தாயிரம் போடுவேனா? இந்தக் கட்டடத்துல நான் ஒரு வார்த்தை சொன்னா எத்தனை பேர் சேருவாங்க தெரியுமா?"

சந்தேகம் சார் தொடையில் தட்டினார். அகப்பட்டாள். விரலைக் காட்டி, ரெண்டு என்றார்.

"சரி மேடம், ரெண்டாயிரம்."

"இது எனக்கு நம்பிக்கை வர்றதுக்கு. மேல்வீட்டம்மாவுக்கு எப்படி நம்பிக்கை வரும்? அவங்க என்னை விட சந்தேகப் பிராணி. அவங்களுக்கும் ஒரு ரெண்டாயிரம் அனுப்பிடுங்க, நானே பேசி சேர்த்து விட்டுடறேன்."

பேரம் என்றால் அதுதான் பேரம். கையில் காசும் வாங்க வேண்டும், கொடுத்தவன் நன்றியும் சொல்ல வேண்டும். டெய்லர் தன் கணக்கிலிருந்து நாலாயிரத்தை அனுப்பிவிட்டு, "ரொம்ப நன்றி மேடம்" என்றார். சந்தேகம் சார் பர்ஸைத் திறந்து டெய்லரிடம் நாலாயிரத்தை எண்ணி வைத்தார்.

"இப்ப நீங்க பத்தாயிரம் போடணும் மேடம்."

"போட்டுட்டா போச்சு. எங்க வீட்டுக்காரர் வரட்டும், ஒரு வார்த்தை கேட்டுக்கறேன். அவர் இந்த மாதிரி விஷயத்துல பெரிய ஆளு."

போன் கட்டாகிவிட்டது.

சாயந்திரம் அவர் வீட்டில் முன்னும் பின்னும் நடந்தார். அவள் கேட்கவே இல்லை. கடைசியில் அவரே, "என்கிட்ட ஏதாவது கேக்கணுமா?" என்றார்.

"ஆமா. தக்காளி எங்கே?"

மறுநாள் ஆபீசில் மேலதிகாரியம்மாள் கூப்பிட்டனுப்பினாள். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"உங்க கட்டடத்துலேருந்து ஒரு பொம்பளை புகார் குடுத்திருக்காங்க. தங்கக் கதவோ என்னவோ. பேசினதை அப்படியே பதிவு பண்ணி அனுப்பியிருக்காங்க. இந்த மாதிரி சுத்தமான புகாரை நான் பார்த்ததே இல்ல. பணம் வந்த கணக்கும் இருக்கு, ஆளை இன்னைக்கே அமுக்கிடலாம்." கொஞ்சம் நிறுத்தினாள். "பின்னாடி ஒருத்தன் 'குடுத்துத் தொலை'ன்னு சொல்றான். அவன்தான் கும்பலுக்குத் தலைவன் போல. அந்தக் குரலை எங்கயோ கேட்ட மாதிரி இருக்கு. உங்களுக்கு ஏதாவது தோணுதா?"

சந்தேகம் சாருக்கு வாயைத் திறக்கவே பயமாக இருந்தது. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். தலைவலி என்று சைகை காட்டி, அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தங்கக் கதவு... அது நான்தான்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"டெய்லர் குரல் தெரியாதா எனக்கு? திரைச்சீலைக்குக் குடுத்த துணியை வெச்சுக்கிட்டு மாசக்கணக்கா 'நாளைக்கு மேடம், நாளைக்கு மேடம்'னு சொன்ன குரலாச்சே. இந்தக் கட்டடத்துலயே பெரிய மோசடிக்காரன் அவன்தான்."

"தெரிஞ்சே புகார் குடுத்தியா?"

"சந்தேகம் வந்தா உடனே புகார் குடுக்கணும், தெரிஞ்சவனாச்சேன்னு தயங்கக் கூடாதுன்னு கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பழகறீங்களே. எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு."

"மேடத்துக்கு என் குரல் பிடிபட்டுட்டா என் வேலை போயிடும்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "போகாது. நானே அவங்களுக்குப் போன் பண்றேன். குடியிருக்கறவங்களுக்கு எங்க வீட்டுக்காரர் வெச்ச பரீட்சை அது, எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சதுன்னு சொல்லிடறேன். ஆனா ஒண்ணு. சனிக்கிழமை கூட்டம் முடியற வரைக்கும் நீங்க யார்கிட்டயும் ஒரு கேள்வியும் கேக்கக் கூடாது."

"அந்த நாலாயிரம்?"

"இது கேள்வி."

அவர் ஒரு பீன்ஸை எடுத்து நார் உரிக்க ஆரம்பித்தார்.

அந்த நாட்களில் அவர் பட்ட பாடு விரோதிக்கும் வரக்கூடாது. மாடிப்படியில் பெண்கள் குசுகுசுவென்று பேசிக்கொண்டு நிற்பார்கள், இவரைக் கண்டதும் முட்டி வலியைப் பற்றிப் பேசுவார்கள். துணி தேய்க்கிறவர் வாசலில் நின்று, "அக்கா, என் ரெண்டு பேரைப் பிடிச்சாச்சு" என்று இவர் காதுபடச் சொல்லிவிட்டுப் போவார். பழைய பொருளாளர் வந்து, "நான் ஆறு பேர்" என்று மார்தட்டிக்கொள்வார். கேள்விகள் சந்தேகம் சாரின் தொண்டை வரைக்கும் வந்து, திரும்பி வயிற்றுக்குள் போய்ப் புரண்டன. ரெண்டு வேளை மோர் மட்டும் குடித்தார்.

சனிக்கிழமை ஹாலுக்குள் நுழைந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். உட்கார நாற்காலி இல்லை. சுவரோரமாக ஜனங்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஜன்னல் கட்டையில் கூட ரெண்டு பேர். தப்பான ஹாலுக்கு வந்துவிட்டோமோ என்று வெளியே போய்ப் பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு வந்தார்.

பேசினார். ஒருவரும் தூங்கவில்லை. அவர் 'நம்பாதீர்கள்' என்று சொன்ன இடத்திலெல்லாம் தலையை ஆட்டினார்கள். மேல்வீட்டம்மா முட்டி வலியோடு எழுந்து நின்று கை தட்டினாள்.

முடிந்ததும் மேலதிகாரியம்மாள் மைக்கை வாங்கினாள். "இப்படி ஒரு கூட்டத்தை என் சர்வீஸ்ல பார்த்ததில்ல. வீட்டு ஜனங்களுக்கே மோசடிப் பரீட்சை வெச்ச ஆள் இவர். இனிமே வெளியூர்ப் பிரிவுக்கு இவர்தான் தலைவர். மாசத்துல இருபது நாள் ஊர் ஊராப் போய் எல்லாருக்கும் சொல்லிக் குடுப்பார்."

கைத்தட்டல் கூரையைத் தூக்கியது. துணி தேய்க்கிறவர் விசில் அடித்தார்.

சந்தேகம் சார் மேடையை விட்டு இறங்கி வந்தார். மனைவி எல்லோருக்கும் டீயும் பிஸ்கட்டும் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இப்பவாவது கேக்கலாமா?"

"கேளுங்க."

"இவ்வளவு பேர் எப்படி வந்தாங்க?"

"ஆளுக்கு ரெண்டு பேர். அந்த ரெண்டு பேர் ஆளுக்கு ரெண்டு பேர்."

அவருக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "பால்கனியில பேசினது இதுக்குத்தானா?"

"இல்லாம? மூணு பேர் வந்து உட்கார்ந்தா அந்த அம்மா உங்களை புகார்ப் பிரிவுல தள்ளிடுவாங்களே."

"டீ, பிஸ்கட்டுக்கெல்லாம் காசு?"

"தங்கக் கதவு முதலீட்டுத் திட்டம் குடுத்தது."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் தான் சந்தேகப்பட்ட பெண்ணா தனக்காக வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறாள்? அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல் முறையாக, ஒரு மனிதப் பிறவியை, மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பினார்.

அந்த நேரம் பார்த்து மேல்வீட்டம்மா, பழைய பொருளாளர், துணி தேய்க்கிறவர், டெய்லர் எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். மேல்வீட்டம்மா அவருடைய இன்னொரு கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"ஹால் நிறைஞ்சா எங்களுக்கெல்லாம் பலன் உண்டுன்னு உங்க வீட்டம்மா சத்தியம் பண்ணினாங்க, சொன்ன வார்த்தையைக் காப்பாத்திட்டாங்க" என்றாள். "எப்ப சார் கிளம்பறீங்க?"