கரும்புச் சருகில் தொங்கிய சோயா

மொரீஷியஸ் தீவிலேயே, ஏன், ஏழு கடலுக்கு இந்தப் பக்கத்திலேயே, பூஞ்சணத்தைப் பிள்ளை மாதிரி வளர்த்த ஒரே மனுஷர் மிஸ்யே முவாசிதான். கிரியோலில் மிஸ்யே என்றால் ஐயா. முவாசி என்றால் பூஞ்சணம். பெற்றவர்கள் வைத்த பெயரை தேர் ரூஜ் என்ற அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து தமிழ் சொல்லிக்கொடுக்கப் போனவன். என் கெட்ட நேரம், அடுத்த வீடு அவருடையது. அவருக்கு ஆய்வுக்கூடத்தில் குப்பி கழுவும் வேலை. பேச்சிலோ பெரிய விஞ்ஞானி. துறைமுகத்துக்கு வந்த கொரியா மீன்கப்பல் சமையல்காரனோடு சிநேகம் பிடித்து, சோயாவில் பூஞ்சணம் வளர்க்கும் வித்தையைக் கைஜாடையிலேயே கற்றுக்கொண்டுவிட்டார். சோயாவை வேகவைத்து, இடித்து, செங்கல் மாதிரி பிடித்து, கரும்புச் சருகால் கட்டி வராந்தாவில் தொங்கவிட்டார். நாலாம் நாள் கிளம்பியது பாருங்கள் நாற்றம்! என் வீட்டு ரசம்கூடத் தோற்றுப்போனது.

"என்ன மிஸ்யே இது?"

"மருந்து சார்! பயறுக்குள்ள ஒரு சத்து இருக்கு. சர்க்கரை அதைக் கட்டிப் போட்டிருக்கு, கரும்புத் தோட்டம் நம்ம தீவைக் கட்டிப் போட்ட மாதிரி. முவாசி வந்து கட்டை அவுக்குது. அப்புறம் லிபெர்தே சார், விடுதலை!"

விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகுதான் தெரிந்தது, அவர் மனைவி காய்ச்சலில் விழுந்து மூன்று மாதமாகப் படுத்த படுக்கை. அவளுக்குத்தான் இந்தக் கூத்தெல்லாம். அவள் எழுந்திருக்க வேண்டுமென்று தைப்பூசக் காவடியும் நேர்ந்துகொண்டிருந்தார்.

விரதத்தின் மூன்றாம் நாள், கோவில் காரியதரிசி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "சீ! விரதத்துல கருவாடா? உனக்குக் காவடி கிடையாது, போ!"

"ஐயோ, பயறு மிஸ்யே, வெறும் பயறு!" அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும். "வேணும்னா உத்துப் பாருங்க, மேல கோடிக்கணக்கா உயிர் வளருது!"

"உயிரா? அப்ப அசைவமேதான்!" காரியதரிசி கிளம்பிவிட்டார்.

முவாசியின் முகம் செத்துப்போனது. "முருகன்கிட்ட குடுத்த வாக்கு மிஸ்யே... அவளுக்காகக் குடுத்தது..." என்று தெருவரை பின்னாலேயே ஓடினார்.

"நில்லுங்க செக்ரெத்தேர்!"

வாசற்படியில் முவாசியின் மனைவி, சுவரைப் பிடித்தபடி, எலும்பும் தோலுமாய் நின்றாள். "விரதத்துல தயிர் திங்கறீங்கல்ல? அதையும் உயிர்தான் புளிக்க வைக்குது. அப்ப நீங்களும் காவடி எடுக்கக் கூடாது!"

காரியதரிசி தாடையைச் சொறிந்தார். "சரி, எடுத்துத் தொலை. ரெண்டு தடவை குளிச்சிட்டு வா."

முவாசி காதில் அது விழவேயில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதார். "நடந்து வந்துட்டா சார்! பாத்தீங்கல்ல? தானா நடந்து வந்துட்டா!"

எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அதுவரை மிஸ்யே என்றே கூப்பிட்டு வந்தவன், "பாத்தேன், அண்ணே" என்றேன்.