பச்சைப் பேனா அண்ணாச்சியும் என் பேரில் ஓடிய கம்பெனியும்

மும்பையில் இருக்கிற அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் சந்தேகப்பட ஒரு மனிதரால் முடியும் என்றால், அது எங்கள் பச்சைப் பேனா அண்ணாச்சியால்தான் முடியும். தாராவியில் நாங்கள் வேலை பார்த்த பை தைக்கும் பட்டறையில் அவர் கட்டிங் மாஸ்டர். ரெக்ஸின் வெட்டுவது அவர் தொழில். எழுதுவது அவர் வியாதி.

சட்டைப் பையில் எப்போதும் பச்சை மைப் பேனா ஒன்று இருக்கும். "பச்சை மையில ஆபீஸருங்கதான எழுதணும் அண்ணாச்சி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஆபீஸருக்குப் பயப்படுதவன் பச்சையைப் பாத்தாலே பயப்படுவான் தாயி. பாதி வேலையைப் பேனாவே பாத்துக்கிடும்" என்றார்.

அவர் கையை விட்டுப் போகிற எந்தப் பொருளும் எழுத்து இல்லாமல் போகாது. குடையில் "மழைக்கு மட்டும்" என்று எழுதியிருப்பார். வெயிலுக்கு இரவல் கேட்டால் அந்த இடத்தைக் காட்டுவார். ஒரு கல்யாணத்துக்குக் குக்கர் வாங்கிக் கொடுத்தார். பெட்டியின் மேல் "மணமக்கள் சமைக்க மட்டும். மாமியார் வீட்டுக்கு அல்ல" என்று எழுதியிருந்தது. அதை முதலில் எடுத்துப் படித்தது அந்த மாமியார்தான். அன்று பந்தியில் பாயச வாளி அண்ணாச்சியை மட்டும் தாண்டிப் போயிற்று.

பிள்ளையாருக்கு உடைக்கக் கொடுக்கும் தேங்காயில்கூட "பிள்ளையாருக்கு மட்டும்" என்று இருக்கும்.

"ஏன் அண்ணாச்சி, நான் தின்னுருவேன்னு பயமா?" என்று பூசாரி கோபித்துக்கொண்டார்.

"நீங்க திங்க மாட்டிய சாமி. பிள்ளையாரு எளகுன மனசுக்காரரு. வேற யாருக்காச்சும் தூக்கிக் குடுத்துரக் கூடாதுல்லா?"

ஓட்டுப் போடும்போது விரலில் மை வைத்த பெண்ணிடம், "இது ஓட்டுக்கு மட்டுந்தானே?" என்று கேட்டு வரிசையை நிறுத்திவிட்டார். ஏன் இப்படி என்று கேட்டால், "ஒருக்க எழுதாமக் குடுத்தேன்" என்பார். எதைக் கொடுத்தார், யாரிடம் கொடுத்தார் என்று இதுவரை சொன்னதில்லை.

எழுதினால் மட்டும் போதாது, இன்னொரு ஆள் சத்தமாகப் படித்தால்தான் அது எழுத்து என்று அவருக்கு ஒரு சட்டம் வேறு. பட்டறையில் இருந்த இளவட்டங்கள் எல்லாம் இங்கேயே பிறந்தவர்கள். தமிழ் பேசுவார்கள், படிக்க வராது. திருநெல்வேலிப் பக்கம் ஐந்தாம் வகுப்பு வரை படித்த நான்தான் அவரிடம் மாட்டினேன். நானோ ஜிப் தைத்து நூல் வெட்டக் குனிந்தால், டீ வரும்போதுதான் நிமிர்வேன். நாலு பேர் நடுவில் வாய் திறக்க வெட்கம். படிக்கச் சொன்னால் உதடு மட்டும் அசையும்.

"கொசு பாடுத மாதிரி இருக்கு. இன்னுங் கிட்ட வந்தா அடிச்சிருவேன். சத்தமாப் படி கனி!" என்பார்.

செல்லக்கனி என்ற என் பேரே எனக்குக் கூச்சம். அதையும் அவர் தெருமுனை வரை கேட்கிற மாதிரிதான் கூப்பிடுவார்.

எங்கள் முதலாளியை சேட் என்போம். நல்ல மரியாதைக்காரர். என்னைச் 'சாச்சி' என்றுதான் கூப்பிடுவார், சித்தி என்று அர்த்தம். ஒருநாள் எல்லோரையும் கூட்டி, பி.எஃப். போடப் போவதாகவும், ஆதார், பான் கார்டு ஜெராக்ஸும் போட்டோவும் வேண்டும் என்றும் சொன்னார். எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அண்ணாச்சி மட்டும் பேனாவைத் திறந்தார்.

அவர் ஜெராக்ஸ் கடை வாசலில் நிற்பதைப் பார்த்ததும் இளவட்டங்கள் பின்பக்கமாக ஓடிவிட்டார்கள். ஓடத் தெரியாத நான் அகப்பட்டேன். மேலே பிள்ளையார் சுழி போட்டு, என் ஆதார் நகலில் என் முகத்துக்குக் குறுக்காகவே எழுதினார்: "இது பட்டறையில் பி.எஃப். போட மட்டும். கடை, கம்பெனி, கடன், போன் எதற்கும் என் சம்மதம் இல்லை." 'இல்லை' என்ற சொல் என் மூக்குக்குக் கீழே மீசையாக உட்கார்ந்தது.

"எம் மூஞ்சியக் கெடுத்துட்டீங்களே அண்ணாச்சி!"

"மூஞ்சிக்குக் காவல் போட்டிருக்கேன். கையெழுத்துப் போடு, தேதியப் போடு, படி."

கொசு மாதிரிப் படித்தேன்.

தமிழ் தெரியாத சேட் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யே க்யா ஹை, மாஸ்டர்?"

அண்ணாச்சி கண் சிமிட்டாமல் இந்தியில் சொன்னார்: "எங்க ஊர் வழக்கம் சேட். நல்ல காரியம் தொடங்கும்போது பிள்ளையாரைக் கும்பிட்டு ரெண்டு வரி எழுதுவோம்." சேட் அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஃபைலில் வைத்தார்.

எட்டு மாதம் போயிற்று. பி.எஃப். வரவில்லை. ரேஷன் கடையில் எனக்கு அரிசியும் இல்லை என்றார்கள்.

"கார்டு கட் ஆயிருச்சு. உங்க பேர்ல கம்பெனி ஓடுது, ஜி.எஸ்.டி. நம்பர் எல்லாம் இருக்கு. செல்லக்கனி என்டர்பிரைசஸ்" என்றார் கடைக்காரர்.

"கம்பெனியா? எனக்கு ஒரு மிக்ஸிகூடக் கிடையாதே தம்பி!"

நான் தனி ஆள். அந்தக் கார்டு அரிசியை நம்பித்தான் என் அடுப்பு எரிந்தது. அழுதுகொண்டே வந்தால், செய்தி எனக்கு முன்னால் குழாயடிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. "வழி விடுங்கட்டி, முதலாளியம்மா வாறாங்க!" என்றாள் ஒருத்தி. "எங்க வீட்டு மனுசனுக்கு உங்க கம்பெனியில ஒரு வாட்ச்மேன் வேலை போட்டுக் குடுங்கம்மா" என்றாள் இன்னொருத்தி.

எதற்கெடுத்தாலும் கேலி பேசும் அண்ணாச்சி அன்று கேலி பேசவில்லை. நேராக என்னை சேட்டிடம் அழைத்துப் போனார். சேட் பதறவே இல்லை. கம்ப்யூட்டர் தப்பு, இதில் கையெழுத்துப் போடுங்கள் சாச்சி, நான் சரிசெய்கிறேன் என்று ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். ஒன்றும் எழுதாத தாள். அண்ணாச்சி அதை வாங்கி, "இந்தத் தாள் வெறும் தாளாக இருக்க மட்டும்" என்று பச்சையில் எழுதித் திருப்பிக் கொடுத்தார். அன்றோடு எங்கள் இருவருக்கும் வேலை போயிற்று.

போலீசில் எழுதிக் கொடுத்தோம். அவர்கள் அந்தக் கம்பெனியைப் பதிந்த அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஓர் அதிகாரி அம்மா கம்ப்யூட்டரைத் தட்டினார். திரையில் வந்தது என் ஆதார் நகல். சேட் பத்திரமாக ஏற்றி வைத்திருந்தார். பிள்ளையார் சுழி, மீசை எல்லாம் பச்சைப் பசேல் என்று இருந்தன.

"உங்க கையெழுத்துத்தானே? நீங்கதானே குடுத்தீங்க?" என்று இந்தியில் கேட்டார்.

நான் தலையாட்டினேன். "அதுல எழுதியிருக்கு மேடம்!" என்று அண்ணாச்சி துள்ளி எழுந்தார்.

"எழுதியது யாரு?"

"நாந்தான்."

"அப்போ நீங்க படிக்கக் கூடாது. உங்க இஷ்டத்துக்குப் படிப்பீங்க. சரவணனைக் கூப்பிடுங்க."

சரவணன் அங்கே பியூன். இங்கே மும்பை செம்பூரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பிள்ளை. திரையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். "சொன்னாப் புரியும் மேடம். படிக்க வராது."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"கனி, இங்க கொசு பாடுனா ஒன் ரேஷன் கார்டு போச்சு" என்று அண்ணாச்சி என் காதில் சொன்னார்.

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிரம்போடு நிற்கிற மாதிரி நினைத்துக்கொண்டு படித்தேன். 'சம்மதம் இல்லை' என்று நான் சொன்ன சத்தத்தில் பக்கத்து அறைக் கதவு திறந்து ரெண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். சரவணன் ஒவ்வொரு வரியாக மராத்தியில் சொன்னான். அதிகாரி அம்மா தேதியைப் பார்த்தார். கம்பெனி பதிந்த தேதியைப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதை ஏத்தினவன் ஒரு தடவையாவது யாரையாவது படிக்கச் சொல்லியிருக்கலாமே" என்று சிரித்தார்.

"கும்பிட்டு வச்சான் மேடம்" என்றார் அண்ணாச்சி.

என் பேரில் இருந்த கம்பெனியை மூடினார்கள். தோண்டத் தோண்ட, வரி ஏய்க்க சேட் பட்டறையில் இன்னும் சிலரையும் முதலாளிகளாக்கியிருந்தது தெரிந்தது. அவர்கள் நகலில் எழுத்து இல்லாததால் இன்னும் அலைகிறார்கள். சேட்டும் கோர்ட்டுக்கு அலைகிறார். அண்ணாச்சி இப்போது அம்பர்நாத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். பேத்தியின் டிபன் டப்பாவில் "இவளுக்கு மட்டும்" என்று எழுதி, பள்ளிக்கூடத்து டீச்சரிடம் திட்டு வாங்கினாராம்.

அவர் அங்கே போவதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ரேஷன் கார்டுக்கு நான் திரும்ப மனுப் போட்டபோது, என்னைத் தெரிந்த ஒருவருடைய ஆதார் நகலும் வேண்டும் என்றார்கள். கேட்கவே எனக்குத் தயக்கம். அண்ணாச்சி ஜெராக்ஸ் எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். அவர் பேனாவைத் திறக்கட்டும் என்று காத்திருந்தேன். பேனா சட்டைப் பையிலேயே இருந்தது. தாளைத் திருப்பிப் பார்த்தேன். முன்னும் எழுத்து இல்லை, பின்னும் இல்லை.

"எதுக்குன்னு எழுத மறந்துட்டீங்களே அண்ணாச்சி?"

"மறக்கல. ஒங்கிட்டதான குடுக்கேன்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

மனுவோடு கொடுப்பதற்கு முன் அதை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டேன். புது ரேஷன் கார்டுக்கு அடியில் இன்றும் இருக்கிறது. நானும் அதில் ஒன்றும் எழுதவில்லை.