கடைசிக் கொக்கியில் தொங்கிய மிதிவண்டி

கிழக்கே மேகமலையின் முடியில் முகில் கவிய, மேற்கே கேரளத்து மலைகள் நெடுமதிலென நிரைத்து நிற்க, லோயர் கேம்ப்பில் இறங்கிய பெரியாற்று நீர் நடுவே வயல்தோறும் நுழைந்து நடக்கும் கம்பம் பள்ளத்தாக்கில், உத்தமபாளையம் என்னும் பழநகர் ஈன்ற பெருந்தகை, அறுநூற்று முப்பது மின்மானிகளின் முகமும் குணமும் அறிந்த அறிவாளர், கட்டிய நாய் எது, கட்டாத நாய் எது என்று வாயிற்கதவைத் தொடுமுன்னரே உணரும் கூரிய செவியர், நாற்பத்தாறு அகவை நிரம்பிய மீட்டர் ரீடர் ரியாசுதீன் வாழ்க. அவர் பொருட்டு இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு ஆடித் திங்களில் தேனி நகரின் புறத்தே நிகழ்ந்த போரினை இங்கே சொல்லப் புகுகின்றோம். சொல்லெடுத்துத் தரும் தெய்வங்கள் தருக. வேறு பணி உடையவை போய் வருக.

அவ்வீரர் ஊர்ந்த வாகனம் ஒரு கரிய மிதிவண்டி. பத்தொன்பது ஆண்டுகள் அவரைச் சுமந்த அவ்வண்டியைப் பகைத்து எழுந்தது துரு. முதலில் இருக்கையின் கீழே எள்ளளவு தோன்றி, பின்னர் குழாய்தோறும் பரந்து, சாரல் பொழிந்த இரவுகளில் பெருகி, வெயில் காய்ந்த பகல்களில் பதுங்கி, அவருடைய வெள்ளைச் சட்டையின் விளிம்பிலும் காற்சட்டையின் தொடையிலும் தன் செந்நிற முத்திரையைப் பொறித்துச் சென்றது அக்கொடும்பகை. அதன்மேல் மும்முறை படையெடுத்தார் ரியாசுதீன். மும்முறையும் உப்புத்தாள் தேய்த்தார். மும்முறையும் தூரிகை ஏந்திக் கறுப்புப் பெயிண்ட் பூசினார். மும்முறையும் ஓராண்டு கழியுமுன் பெயிண்ட் அப்பளமெனக் குமிழ்த்து உரிந்து வீழ, அடியில் துரு முன்னிலும் கொழுத்துக் கிடந்தது.

இத்தோல்விகளைக் கண்டு பொறுத்திருந்தவர் அவருடைய இல்லத்தரசி ஹுஸ்னா. அரசுப் பள்ளி ஆசிரியை. முந்தைய ஆண்டு தமக்கென ஒரு ஸ்கூட்டர் வாங்கி, கடைத்தெருவின் கூட்டத்தைக் கத்தியெனக் கிழித்துச் செல்லும் ஆற்றல் உடையவர். மூன்றாம் பெயிண்ட்டும் உரிந்த அன்று, சலவைக்குப் போட்ட சட்டையைக் கையில் ஏந்தி அவர் தம் ஆணையை வெளியிட்டார்.

“ஏங்க, இதுதான் கடைசி. இன்னொரு தடவ உரிஞ்சுதுன்னா வண்டி காயலான் கடைக்குப் போகுது. நீங்க பேசாம என் வண்டியில பின்னாடி உக்காந்து வாங்க.”

இதன் பொருள் அறியார் சிரிக்கக் கூடும். ரியாசுதீனுக்கு மோட்டார் வண்டி ஓட்ட வராது. இளமையில் ஒருமுறை கற்கப் புகுந்து, கால்வாய்க் கரையில் வண்டியை நிறுத்தும் வழி அறியாது, வண்டியோடு நீரில் இறங்கியவர் அவர். ஆகவே சைக்கிள் போயிற்றெனில், மனைவியின் முதுகுக்குப் பின்னே மடியில் கணக்குப் பை வைத்து, கடைத்தெரு முழுதும் வணக்கம் வாங்கிக்கொண்டு போக வேண்டும். தாம் நினைத்த நேரத்தில் நினைத்த தெருவில் திரும்பும் உரிமை அன்றோடு ஒழியும். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு இரவுகள் சரியாக உறங்கவும் இல்லை.

வழி காட்டியது ஓர் இரும்புக் கதவு. அனுமந்தன்பட்டியில் பஞ்சம்மாள் என்பவர் வீட்டில் மீட்டர் பார்க்கச் சென்ற ரியாசுதீன், ஆறாண்டு மழையும் வெயிலும் தின்று பார்த்துத் தோற்றுப்போன அக்கதவின்மேல் கை வைத்தவர், வைத்த கையை எடுக்காது நின்றார். வழவழப்பு மாறவில்லை, ஒரு பொட்டுத் துருவும் இல்லை. பஞ்சம்மாள் ரகசியத்தை அருளினார்.

“அது பெயிண்ட் இல்ல சார், பவுடரு. தேனியில இரும்புமேல பவுடர அடிச்சு, அடுப்புல வச்சுச் சுட்டுக் குடுக்குறாக.”

மறுவாரமே சைக்கிள் கடைச் சுருளியின் கைகளால் வண்டி உறுப்பு உறுப்பாகக் கழற்றப்பட்டது. சக்கரம் இரண்டும் ஒருபுறம், கைப்பிடி ஒருபுறம், சங்கிலியும் பெடலும் ஒரு சாக்குப்பையில் எனப் பிரிந்து கிடக்க, எஞ்சிய வெற்று எலும்புக்கூட்டைத் தோளில் சாத்தித் தேனிப் பேருந்தில் ஏறினார் வீரர். நடத்துனர் மேலும் கீழும் பார்த்தார்.

“ஏண்ணே, மீதி வண்டி எங்கன?”

“மீதி ஊர்ல இருக்கு.”

நடத்துனர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து நகர்ந்தார்.

ஆயினும் அம்முதற் படையெடுப்பு வெற்றி ஈட்டவில்லை. பவுடர் கோட்டிங் பட்டறையின் உரிமையாளர் மதன்குமார், முப்பது வயது நிரம்பாத இளைஞர், இமையிலும் காதுமடலிலும் சாம்பல் நிறப் பொடி படிந்து மூடுபனியில் நின்ற மரமெனத் தோன்றியவர், அத்தொழிலின் சட்டத்தை எடுத்துரைத்தார். ஒரு நேரத்தில் ஒரு நிறமே ஓடும். பீரோக்களுக்காக நாள்தோறும் ஓடுவது சாம்பல். ஒரே ஒரு சைக்கிளுக்காக இயந்திரத்தைக் கழுவி நிறம் மாற்ற முடியாது. சாம்பல் என்றால் இன்றே தயார்.

ரியாசுதீன் நெடுநேரம் சிந்தித்தார். வீட்டில் பீரோ ஒன்று இருந்தது. அதன்மேல் ஏறி ஊர் சுற்றும் காட்சி அவர் அகக்கண்ணில் தோன்றி மறைந்தது.

“நீலம்தான் வேணும். எப்ப ஓட்டுறீகளோ அப்பச் சொல்லுங்க” என்று கூறி, எலும்புக்கூட்டைத் தோளில் ஏற்றித் திரும்பினார்.

இருபத்து நான்கு நாட்கள் கடந்தன. அத்தனை நாளும் அவர் கால்நடையாகவே மின்மானிகளைக் கண்டு வந்தார். செருப்பின் குதிகால் தேய்ந்தது. மாலையில் வீடு சேரும் நேரம் நீண்டது. ஹுஸ்னா வாயிலில் ஸ்கூட்டரை நிறுத்தி வைத்துக் காத்திருந்தார். இருபத்தைந்தாம் நாள் கைப்பேசி ஒலித்தது.

“சார், மதன்குமார் பேசுறேன். வியாழக்கிழமை நீலம் ஓட்டுறோம், ஸ்கூல் பெஞ்சு வேலை வந்திருக்கு. காலையிலயே வந்துருங்க. பன்னெண்டு மணிக்குக் கரண்டு போயிரும். அதுக்கு மேல பீரோதான்.”

வியாழன் விடிந்தது. விடுப்பு எழுதிக் கொடுத்து, முதல் பேருந்தில் தேனி சேர்ந்தார் ரியாசுதீன். காலை எட்டு மணிக்கு அவருடைய சைக்கிள் கூடு அமிலத் தொட்டியில் மூழ்கியது. பத்தொன்பது ஆண்டுத் துருவும் மூன்று போர்களின் பெயிண்ட்டும் அங்கே கரைந்து ஒழிய, கழுவித் துடைத்து வெளியே எடுத்தபோது அது வெள்ளி வார்த்தாற்போல் ஒளிர்ந்தது. திருகு மரைகளில் பொடி ஏறாதிருக்க டேப் ஒட்டிய மதன்குமார், “இத இப்படியே வச்சிருந்தா நாளைக்கே துரு பிடிச்சிரும் சார். இன்னைக்கே ஏத்திறணும்” என்றார். கவசம் களைந்த வீரன் களத்தின் நடுவே நிற்பதைப் போல நின்றது அவ்விரும்பு.

அந்த வேளையில்தான் எதிரி வந்தார்.

சின்னமனூர் விவசாயி ராக்கையா, அறுபது வயது, நெடிய மேனி, தோளில் பெருந்துண்டு, இரு கைகளிலும் ஒரு தொட்டில் ஸ்டாண்டு. அதையும் முந்தின நாளே அமிலத்தில் முக்கி, எண்ணெய் தடவித் துணியில் பொதிந்து, அன்றைய நீலத்துக்கெனவே கொண்டு வந்திருந்தார். அடுப்போ ஓர் அறையளவு. அதனுள் பதினெட்டுக் கொக்கிகள். பதினேழில் பள்ளிப் பெஞ்சுகள் தொங்கின. எஞ்சிய ஒற்றைக் கொக்கி, இரு பேரரசர் நடுவே கிடந்த ஒரே கோட்டையென, வெறுமையாய் ஆடிக்கொண்டிருந்தது. இருவருக்கும் வாக்களித்திருந்த மதன்குமார் தரையைப் பார்த்தார்.

“நான் இ.பி.யில இருக்கேன், லீவு போட்டு வந்திருக்கேன். இதுக்காக இருபத்தஞ்சு நாளா நடந்தே வேலை பாத்திருக்கேன். விட முடியாது” என்று முழங்கினார் ரியாசுதீன்.

“நாளைக்கு எம் மகள ஆஸ்பத்திரியில இருந்து கூட்டிட்டு வாராக. பேத்தி பொறந்திருக்கு. துருப்பிடிச்சதுல பிள்ளையப் போட மாட்டேங்குது எம் மக. நானும் விட முடியாது” என்று எதிர்முழக்கம் இட்டார் ராக்கையா.

சுவரிலிருந்த கடிகாரம் பதினொன்று ஐந்து காட்டியது. இரு பெருவீரரும் ஒருவரையொருவர் நோக்கி நின்றனர். வெளியே ஆடிக்காற்று தகரக் கூரையை முரசென அறைந்தது. ரியாசுதீனின் நெஞ்சினுள் இரு படைகள் மோதின. தம் வழக்கே மூத்தது, முதலில் வந்தவரும் தாமே என்றது ஒரு படை. மறுபடையோ அந்த ஸ்டாண்டின் மேற்கம்பியைச் சும்மா காட்டிக்கொண்டிருந்தது. அவரும் அக்கம்பியைப் பார்த்தார். அதன் கீழிருந்த இடைவெளியைப் பார்த்தார். பிறகு அருகில் சென்று, ஒன்று, இரண்டு, மூன்று என்று சாணால் அளந்தார்.

“அண்ணே, தொட்டில் தொங்குற எடத்துல இத தொங்கவிட்டா என்ன?”

ராக்கையாவுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் துண்டை இடுப்பில் இறுக்கினார். மதன்குமார் மட்டும் எச்சரித்தார்: “பொடி சும்மா ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும். சுடுறதுக்குள்ள ஒன்னு மேல ஒன்னு பட்டாலும் போச்சு. காத்து அடிச்சாலும் போச்சு.”

ஸ்டாண்டின் எண்ணெயைத் துடைத்தெடுத்ததும் துப்பாக்கி போன்ற கருவி சீறியது. நீலப்பொடி புகையெனப் பரந்து, மின்னாற்றலின் ஈர்ப்பால் இரும்பின் மேனியெங்கும் தானாகவே சென்று படிந்தது. குழாயின் பின்புறத்தும், வளைவின் உள்ளும், இருக்கைத் துளையின் விளிம்பிலும், ஊதினால் உதிரும் மாவென ஒட்டி நின்றது நீலம். இனி அங்கிருந்து அடுப்புக்குப் பதினான்கு அடி. மதன்குமார் ஸ்டாண்டை ஏந்தி முன்னே நடந்து கொக்கியில் மாட்டினார். மேலே கட்டிய கம்பியை மட்டும் இரு விரலால் பிடித்து, நீலக் கூட்டைத் தம் முன்னே தொங்கவிட்டு, தாமே அடியெடுத்து வைத்தார் ரியாசுதீன்.

நான்காம் அடியில் காற்று வந்தது. கம்பம் கணவாயின் வழியே புகுந்து, வழியெல்லாம் தென்னையை வளைத்து வாழையைக் கிழித்து வந்த அப்பெருங்காற்று பட்டறையின் திறந்த வாயிலில் நுழைய, ராக்கையா பாய்ந்து சென்று, இடுப்புத் துண்டை உருவி இரு கைகளாலும் விரித்து வாயிலை மறித்தார். துண்டு பாயெனப் புடைத்தது, முழங்கால் மடங்கியது, மடங்கியும் அவர் நகரவில்லை. எட்டாம் அடியில் ரியாசுதீனின் மூக்கினுள் பொடி புகுந்தது. தும்மல் எழுந்தது. வைகை அணையின் பின்னே வெள்ளம் திரண்டாற்போல் நெற்றி வரை திரண்ட அத்தும்மலை, கண் சிவந்து, நரம்பு புடைத்து, பல்லைக் கடித்து அடக்கினார் அவர். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. கூடு ஸ்டாண்டின் மேற்கம்பியில் ஏறியது. கதவு மூடியது. அதன் பின்னரே அவர் ஒன்பது முறை தும்மினார்.

பதினொன்று நாற்பதுக்கு அடுப்பின் சூடு ஏறியது. சரியாகப் பன்னிரண்டு மணிக்கு, அறிவித்தபடியே, மின்சாரம் நின்றது. பட்டறை இருண்டது. எல்லாக் கண்களும் ரியாசுதீன் மேல் திரும்பின.

“நீங்க கரண்டு ஆபீஸுதான? ஒரு போன் போட்டுச் சொல்லப்படாதா?” என்றார் ராக்கையா.

“நான் மீட்டர் பாக்குறவன்ணே. நிப்பாட்டுறது வேற ஆளுக.”

“வெந்திருச்சா இல்லையான்னு இப்பச் சொல்ல முடியாது” என்றார் மதன்குமார். “கதவத் தொறக்காம விட்டா இருக்குற சூட்டுலயே வெந்துரும். யாரும் தொட்றாதீக.”

அரைமணி நேரம் மூவரும் அம்மூடிய கதவின் முன் அமர்ந்திருந்தனர். பேத்தி நிறம் எப்படி என்று ரியாசுதீன் கேட்டார். அவ அப்பன் மாதிரி கறுப்பு என்றார் ராக்கையா; முடி மட்டும் நிறைய என்றும் சொன்னார்.

கதவு திறந்தது. வெப்பம் அலையென வெளிவந்து தணிய, உள்ளே, மழை விட்ட மாலையில் மலைக்கு மேலே தெரியும் வானத்தின் நிறத்தில், ஈரம் போன்ற மினுமினுப்போடு, தொட்டிலின் நடுவே தொங்கியது மிதிவண்டி. ராக்கையா தம் ஸ்டாண்டைக் கீழே இறக்கி மும்முறை சுற்றி வந்தார். ஒரு குறையும் இல்லை. “உங்களுதுல எதுவும் பட்டுச்சா பாய்?” என்று கேட்டார். பின்சக்கரம் மாட்டும் குழாயில், மிளகளவில், ஸ்டாண்டின் காலில் உரசிய ஓரிடம் வெறும் இரும்பாய் இருந்தது. ரியாசுதீன் அதை முன்பே கண்டிருந்தார். கட்டைவிரலை அதன்மேல் வைத்திருந்தார்.

“ஒன்னும் இல்லண்ணே. நல்லா வந்திருக்கு. நீங்க கெளம்புங்க, பிள்ள வருது.”

ராக்கையாவின் உருவம் சாலை திரும்பி மறையும் வரை அவ்விரல் அங்கிருந்து அகலவில்லை. அது மறைந்த பின் மதன்குமார் ஒரு சிறு புட்டியில் நீலப் பெயிண்ட் கொணர்ந்து, தீக்குச்சி முனையால் அப்புள்ளியை அடைத்தார்.

அன்று மாலையே சுருளியின் கரங்களில் சக்கரமும் சங்கிலியும் கைப்பிடியும் தத்தம் இடம் சேர, வெற்றிவாகை சூடிய ரியாசுதீன் கடைத்தெருவின் நடுவே மணியொலித்து வந்தார். டீக்கடையில் கிளாஸ்கள் பாதியில் நின்றன. பலாப்பழம் அறுத்தவர் கத்தியை நிறுத்தினார். அறுநூற்று முப்பது மின்மானிகளின் உரிமையாளர்களுள் அங்கிருந்தோர் அனைவரும் எழுந்து பார்த்தனர். வாயிலில் நின்ற ஹுஸ்னா வண்டியை ஒருமுறை வலம் வந்து, குழாயை விரலால் தடவி, விரலைப் பார்த்து, “நல்லாத்தான் இருக்கு. சட்டையில ஒட்டாது” என்று தீர்ப்பளித்தார். வான்முரசு அதிர்ந்தது, திசைகள் எட்டும் அத்தீர்ப்பை ஏற்றன, துருவை வென்ற பெருந்தகை, நீலப் புரவி உடையவர், தும்மலை அடக்கிய திண்ணியர் என்று அவர் புகழ் பள்ளத்தாக்கின் மீது பரந்தது.

மறுநாள் காலையில் சாரல் அடித்ததால், சைக்கிள் நனைந்துவிடும் என்று ரியாசுதீன் பஸ்ஸில் வேலைக்குப் போனார்.